காவலரை எதிர்த்ததாகக் குற்றச்சாட்டு: டர்பன் நீதிமன்றத்தில் என்ன முடிவு வரும்?

மெரேபேங்க் மாமா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகனுக்கு 22 வயது ஆகிறது. ஆசிரியர் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறான். இதுவரை எந்த வழக்கிலும் அவன் பெயர் வந்ததில்லை. கடந்த வெள்ளிக்கிழமை இரவு கோயில் பஜனை முடிந்து நண்பர்களுடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, வழித்தடையில் காவலர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியிருக்கிறான். காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். பேச்சு வளர்ந்து, ஒரு காவலர் அவன் கையைப் பிடித்து இழுக்க, இவன் கையை உதறிக்கொண்டான். அடுத்த நிமிடம் தரையில் கிடத்தி விலங்கு பூட்டிவிட்டார்கள். பெட்டியில் கோயில் மேளமும் பிரசாதப் பாத்திரமும் தவிர எதுவும் இல்லை.

நிலையத்தில் அவன் மேல் எழுதப்பட்டிருக்கும் ஒரே குற்றச்சாட்டு, காவலரை அவருடைய கடமையைச் செய்யவிடாமல் எதிர்த்துத் தடுத்தான் என்பது. நள்ளிரவில் ஒருவர் வந்து, 'ஆயிரம் ராண்டு அபராதம் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம், வழக்கு முடிந்துவிடும்' என்று சொன்னாராம். அதற்குள் அத்தான் போய்ச் சேர்ந்து, கையெழுத்து வேண்டாம் என்று தடுத்து, 500 ராண்டு கட்டி அழைத்து வந்துவிட்டார். வரும் வாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறார். சிறைக்கு அனுப்புவார்களா? குற்றத்தை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடித்துக்கொள்வது நல்லதா, அல்லது வழக்கை நடத்த வேண்டுமா? இத்தகைய வழக்குகள் நம் ஊர் நீதிமன்றங்களில் உண்மையில் எப்படி முடிகின்றன என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், வெருலம் எழுதியது:

ஐயா, முதலில் உங்கள் அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள். முன் குற்றம் எதுவும் இல்லாத ஓர் இளைஞன், காயம் யாருக்கும் இல்லை, ஆயுதம் இல்லை, கையை உதறியதுதான் செயல் என்றால், சிறைக்கு நேரே அனுப்பிய மாஜிஸ்திரேட்டை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

சட்டம் சொல்வது இதுதான். 1995ஆம் ஆண்டின் 68ஆம் எண் கொண்ட தென்னாப்பிரிக்கக் காவல் சேவைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, காவலர் ஒருவரை அவருடைய அதிகாரத்தைப் பயன்படுத்தும்போதோ கடமையைச் செய்யும்போதோ எதிர்ப்பவருக்கும், வேண்டுமென்றே தடுப்பவருக்கும், அபராதம் அல்லது 12 மாதங்களுக்கு மேற்படாத சிறை என்று வரம்பு வைக்கிறது. அந்த 12 மாதம் என்பது உச்ச வரம்பு. அதுவே வழக்கமான தண்டனை என்று எண்ணிப் பயந்துவிடாதீர்கள். அபராதத்துக்கும் வரம்பு உண்டு. 1991ஆம் ஆண்டின் அபராதச் சீரமைப்புச் சட்டம், மாவட்ட நீதிமன்றம் விதிக்கக்கூடிய 3 ஆண்டுச் சிறைக்கும் 1,20,000 ராண்டு அபராதத்துக்கும் இடையிலான விகிதத்தைப் பின்பற்றச் சொல்வதால், 12 மாத வரம்புள்ள குற்றத்துக்கு அபராதம் 40,000 ராண்டைத் தாண்ட முடியாது. முதல் முறை வருபவருக்கு விதிக்கப்படும் தொகை அதிலிருந்து வெகு தூரத்தில்தான் நிற்கும். அதிலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நிறுத்திவைப்பதும் உண்டு.

நான் கூண்டருகே நின்று மொழிபெயர்த்த வழக்குகளில் பலவும் தண்டனை வரை போகவே இல்லை. காவலர் சாட்சி சொல்ல வராமல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது உண்டு. குற்றப்பத்திரிகையில் 'எதிர்த்தார்' என்று மட்டும் இருந்து, எப்படி எதிர்த்தார் என்பதைச் சாட்சிக் கூண்டில் காவலரால் சொல்ல முடியாமல் போனதும் உண்டு. அப்படி அரசுத் தரப்பு சாட்சியங்கள் முடிந்த பிறகும் குற்றத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி, இளைஞன் கூண்டில் ஏறிப் பேசுவதற்கு முன்பே நீதிமன்றம் அவனை விடுவிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அக்காவின் மகனுக்கு ஆங்கிலம் சரளமாக வரும் என்று நினைக்கிறேன். ஆனால் சாட்சியாக வரப்போகும் பெரியவர்கள் யாருக்காவது தமிழ் மட்டுமே வசதி என்றால், அதை முன்கூட்டியே நீதிமன்ற எழுத்தரிடம் தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், அது இயலாவிட்டால் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு தரும் உரிமை. சாட்சிக்கும் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இப்போது குறைவு என்பதால், அன்று காலையில் போய்க் கேட்டால் வழக்கு தள்ளிப்போகும்.

வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

மேலே பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். தண்டனையைப் பற்றிய அச்சம் இயல்பானதுதான், ஆனால் இந்தப் பையனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது தண்டனையின் அளவு அன்று; அவன் பெயருக்கு எதிரே ஒரு குற்றப் பதிவு விழுமா விழாதா என்பதுதான். அதனால் அத்தான் நள்ளிரவில் அந்தக் கையெழுத்தைத் தடுத்தது இந்த விஷயத்தில் நடந்த மிக நல்ல காரியம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின் கீழ் குற்ற ஒப்புதல் அபராதம் கட்டும்போது, மாஜிஸ்திரேட் முன் நிற்காமலே வழக்கு முடிகிறது. ஆனால் நீதிமன்ற எழுத்தர் அதைப் பதிவேட்டில் ஏற்றியவுடன், நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துத் தண்டித்ததாகச் சட்டம் கருதுகிறது. கைது செய்து கைரேகை எடுத்த பிறகு இப்படிக் கட்டினால், அந்தப் பதிவு காவல் சேவையின் குற்றப் பதிவகத்துக்குப் போய்விடும். ஆசிரியராகப் பதிவு செய்யும்போது தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றம் காவல் துறைச் சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் ஆயிரம் ராண்டு என்ற தொகையோடு, எந்தக் குற்றம் என்பதும் வரும்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் ரசீதை எடுத்துப் பாருங்கள். 500 ராண்டு எதற்காகக் கட்டப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். நீதிமன்றத் தேதி கொடுத்திருப்பதால் அது 59ஆம் பிரிவின் கீழ் நிலையத்திலேயே தரப்பட்ட பிணையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் களைப்பிலும் பதற்றத்திலும் பிணைத் தொகை என்று நினைத்து ஒப்புதல் அபராதம் கட்டிவிட்டு வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிணையாக இருந்தால், குறித்த நாளில் வராமல் இருப்பது தனிக் குற்றம். பணமும் போகும், பிடியாணையும் பிறக்கும். ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் அந்த நாளைத் தவறவிடக் கூடாது.

அடுத்து, குற்றச்சாட்டின் உள்ளடக்கம். அரசுத் தரப்பு மூன்று விஷயங்களை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்: காவலர் தம் சட்டபூர்வ அதிகாரத்துக்குள் நின்று செயல்பட்டார், பையன் அவரை எதிர்த்தான் அல்லது தடுத்தான், அதை வேண்டுமென்றே செய்தான். முதல் கூறுதான் பெரும்பாலும் தளர்ந்து போகிறது. வழித்தடை அமைத்து, ஆணையில்லாமல் வாகனங்களைச் சோதிக்க, காவல் சேவைச் சட்டத்தின் 13(8) பிரிவின்படி ஆணையரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சோதனையால் பாதிக்கப்படுபவர் கேட்டால் அதன் நகலைக் காட்டவும் வேண்டும். அன்று அப்படி ஓர் அனுமதி இருந்ததா என்பது இந்த வழக்கின் முதல் கேள்வி. கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 39(2) பிரிவு சொல்கிறது. காரணம் அங்கேயே வெளிப்படையாகத் தெரிந்த நிலையில் நீதிமன்றங்கள் இதை அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பது தடுப்பது ஆகாது. கையை உதறுவது, யாரோ திடீரென்று இழுக்கும்போது உடல் தானாகச் செய்வதா, வேண்டுமென்று செய்வதா என்பது சாட்சியத்தைப் பொறுத்தது.

பெயரையும் முகவரியையும் சொல்ல மறுத்தானா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். 41ஆம் பிரிவின்படி சில சூழல்களில் அதைக் கேட்க அதிகாரம் உண்டு. மறுத்திருந்தால் கதை வேறாகிவிடும்.

மெரேபேங்க் மாமா எழுதியது:

மிக்க நன்றி. ரசீதைப் பார்த்தோம், பிணை என்றுதான் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் கேட்டவுடன் சொல்லியிருக்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் கைபேசியில் ஏறக்குறைய முழுவதையும் படம் பிடித்திருக்கிறான். அதில் இவன் குரலை உயர்த்தியது தெரிகிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, காவலர்மேல் கைவைக்கவும் இல்லை. அவன் மணிக்கட்டிலும் முழங்காலிலும் காயம் இருக்கிறது.

டோங்காட் சகோதரி எழுதியது:

என் கணவர் காவல் சேவையில் பணியாற்றுகிறார். அதனால் இன்னொரு பக்கத்தையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரவு நேரத்தில் வழித்தடையில் நிற்பவருக்கு, அடுத்து வரும் காரில் யார் இருக்கிறார், என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்பெட்டியில் மேளம் இருந்தது என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது. நம் நாட்டில் பணியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்படும் காவலர்கள் எத்தனை பேர் என்பதை அவர்கள் குடும்பங்கள் மறப்பதில்லை. மாஜிஸ்திரேட்டும் அதை மனத்தில் வைத்துத்தான் தண்டனையைப் பற்றி யோசிப்பார். சமூகத்தின் நலன் என்று அவர்கள் சொல்வதில் இதுவும் அடங்கும்.

ஆகையால் பையன் முதல் நாளே நீதிமன்றத்தில் விறைப்பாக நிற்காமல், அரசு வழக்கறிஞரிடம் மரியாதையாகப் பேசி, மாற்று வழித் திட்டத்துக்குக் கேட்கலாம். முதல் முறை வருபவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், குற்றம் செய்தவர்களின் சீர்திருத்தத்துக்காக இயங்கும் நிக்ரோ போன்ற தொண்டு அமைப்பு நடத்தும் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் அல்லது சமூகப் பணி செய்யச் சொல்கிறார்கள். அதை முடித்துவிட்டால் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது, குற்றப் பதிவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இப்படித்தான் நடந்தது. இப்போது நல்ல வேலையில் இருக்கிறான்.

பீனிக்ஸ் கடைக்காரர் எழுதியது:

சகோதரி சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பேற்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. என் அண்ணன் மகன் பல ஆண்டுகளுக்கு முன், கடை வாசலில் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்காக இதே குற்றச்சாட்டில் பிடிபட்டு, விடிவதற்குள் வீடு திரும்பினால் போதும் என்று ஒப்புதல் அபராதம் கட்டினான். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது குற்றப் பதிவாக நிற்பது தெரிந்தது. அந்த வேலை போய்விட்டது. நிலையத்தில் அவனுக்கு யாரும் அதை விளக்கவில்லை. சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞர் ஐயா சொன்னால், எங்களைப் போன்ற பலருக்குப் பயன்படும்.

வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

கடைக்காரருக்கு முதலில் பதில் சொல்கிறேன். பரிகாரம் இரண்டு உண்டு. ஒப்புதல் அபராதத்தின் விளைவு விளக்கப்படாமல் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால், அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்யும்படி உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட தீர்ப்புகளை ரத்துச் செய்திருக்கிறது. இரண்டாவது, தீர்ப்பு நாளிலிருந்து 10 ஆண்டுகள் கடந்து, இடையில் அபராதத்துக்கு வாய்ப்பில்லாத சிறைத் தண்டனை எதுவும் பெறாமல் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 271பி பிரிவின் கீழ் பதிவை நீக்கக் கோரி நீதித் துறையின் தலைமை இயக்குநருக்கு விண்ணப்பிக்கலாம். 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதமும் எச்சரித்து விடுவித்தலும் இதில் அடங்கும். பதிவு தானாக அழியாது, விண்ணப்பித்தால்தான் நீங்கும். 10 ஆண்டு என்பது 22 வயதுப் பையனுக்கு மிக நீண்ட காலம் என்பதால்தான் ஆரம்பத்திலேயே எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன்.

சகோதரி சொன்ன மாற்று வழித் திட்டம் உண்மையில் நல்ல வழி. காவலர்களின் ஆபத்தைப் பற்றி அவர் சொன்னதும் சரி. 1969ஆம் ஆண்டு ஸின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றம், குற்றவாளி, சமூகத்தின் நலன் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று சொன்னதைத்தான் இன்றும் எல்லா மாஜிஸ்திரேட்டுகளும் பின்பற்றுகிறார்கள். காவலரை அடித்தோ, ஆயுதம் காட்டியோ இருந்தால், வழக்கு தாக்குதல் குற்றமாகவும் மாறி, இந்த மூன்றாவது அம்சம் கனத்துவிடும். ஆனால் இந்தப் பையனின் காணொளி மாமா சொல்வதுபோலவே இருந்தால், மாற்று வழித் திட்டத்தை முதல் கோரிக்கையாக வைக்க மாட்டேன். முதல் கோரிக்கை, வழக்கையே கைவிட வேண்டும் என்பதாக இருக்க வேண்டும்.

அதற்கு அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் முறையீடு தர வேண்டும். காணொளியின் நகல், கல்லூரிச் சான்று, மருத்துவரின் அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். இன்றே ஒரு மருத்துவரிடம் போய்க் காயங்களைக் காட்டுங்கள்; காயங்களை நீதிமன்றத்துக்காக மருத்துவர் பதியும் ஜே 88 படிவத்தில் பதிவாகிவிட்டால் பிற்பாடு அதை யாரும் மறுக்க முடியாது. மூலக் காணொளி இருக்கும் கைபேசியை நண்பன் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வெட்டவோ ஒட்டவோ கூடாது, சமூக ஊடகத்தில் போடவே கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வெளியில் போட்ட காணொளியால் காவலர்கள் முகம் சுளித்து, கைவிடவிருந்த வழக்கு விசாரணைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

முறையீடு ஏற்கப்பட்டால், எந்தப் பிரிவின் கீழ் வழக்கு முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே நடைமுறைச் சட்டத்தின் 6(ஏ) பிரிவின்படி வழக்குத் திரும்பப் பெறப்பட்டால் பிற்பாடு மீண்டும் தொடுக்க முடியும். பையன் குற்றத்தை மறுத்த பிறகு, 6(பி) பிரிவின்படி வழக்கு நிறுத்தப்பட்டால் அது விடுதலைத் தீர்ப்பாகும்.

முறையீடு மறுக்கப்பட்டால்தான் மாற்று வழியா, விசாரணையா என்று யோசிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு 112ஆம் பிரிவின் கீழ் முடித்தால், பெரும்பாலும் எச்சரிக்கையோ, நிறுத்திவைக்கப்பட்ட சிறு அபராதமோதான் வரும். நிறுத்திவைத்தல் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். அந்தக் காலத்தில் அதே வகைக் குற்றம் செய்தால் பழைய தண்டனையும் உயிர் பெறும். ஆனால் எச்சரித்து அனுப்பினாலும் அது குற்றத்தீர்ப்புதான் என்பதைப் பலர் அறிவதில்லை. தண்டனையே இல்லை என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர்கள் பிறகு சான்றிதழில் அதைப் பார்த்து அதிர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஆசிரியராகப் போகும் ஒருவனுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தனியார் வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாவிட்டால், லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவின் வழக்கறிஞர் அந்த நீதிமன்றத்திலேயே இருப்பார். வருமான விவரத்தைக் கொண்டுபோய் முதல் நாளே கேளுங்கள். வழக்கறிஞர் இல்லாமல் எந்த வாக்குமூலமும் கொடுக்க வேண்டாம். தண்டனையோ தீர்ப்போ பாதகமாக வந்தால், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்க 14 நாட்கள் உண்டு.

மெரேபேங்க் மாமா எழுதியது:

ஐயா, காயத்துக்காகக் காவலர்கள்மேல் புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் வழக்கைக் கைவிட மாட்டார்கள் என்று அத்தான் அஞ்சுகிறார்.

வழக்கறிஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

அத்தானின் அச்சம் காரணமற்றது அன்று. புகாரை வழக்கோடு பேரம் பேசும் பொருளாக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பையனின் நேர்மையே கேள்விக்குள்ளாகும். காவலர் தாக்கியதாகச் சொல்லும் புகாரை, 2011ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் காவல் துறைக்கான சுதந்திரப் புலனாய்வு இயக்ககமான ஐபிட் விசாரிக்கும். இழப்பீடு கேட்க நினைத்தால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, சம்பவத்திலிருந்து 6 மாதங்களுக்குள் அரசுக்கு எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். மருத்துவச் சான்றை இன்றே எடுங்கள், ஐபிட் புகாரைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசி முடிவு செய்யுங்கள், இழப்பீட்டு அறிவிப்புக்கான கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நீதிமன்றத்துக்குக் காலை எட்டரைக்குள் போய்விடச் சொல்லுங்கள். அடையாள அட்டை, பிணை ரசீது, கல்லூரிக் கடிதம், மருத்துவ அறிக்கை, முறையீட்டின் இரண்டு நகல்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். முதல் நாளில் விசாரணை நடக்காது. வழக்கு வேறு நாளுக்குத் தள்ளப்பட்டு, பிணை நீட்டிக்கப்படும். அந்த இடைவெளியில் டாக்கெட்டில், அதாவது காவல் துறையின் வழக்குக் கோப்பில், உள்ள காவலர்களின் வாக்குமூலங்களையும் வழித்தடை அனுமதியின் நகலையும் உங்கள் வழக்கறிஞர் கேட்டு வாங்க வேண்டும். அவை வந்த பிறகு இங்கே எழுதுங்கள், பெயர்களை விட்டுவிட்டு, பார்த்துச் சொல்கிறேன்.